மஃப்டியில் நின்ற பெண் காவலர்

போன வாரம் ஜெயபால் போன் பண்ணினான். என்னிடம் கான்ஸ்டபிளாக இருந்தவன், இப்போது சப்-இன்ஸ்பெக்டர். தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"அண்ணே, புதுசாப் பத்துப் பிள்ளைக ட்ரெய்னிங் முடிச்சு நம்ம ஸ்டேஷனுக்கு வந்திருக்குக. ஆளு பத்தல, ஆளு பத்தலன்னு இப்பவே மூக்கால அழுகுதுக. ஒரு நாள் வந்து அந்தப் பத்தொன்பது பேர் கதையைச் சொல்லிட்டுப் போங்கண்ணே. நாம எப்பிடி ஓட்டுனோம்னு தெரியட்டும்."

"வாரேன் மாப்ள" என்று சொல்லிவிட்டேன்.

பத்தொன்பது பேர் கதை எங்கள் வட்டாரத்துப் போலீஸ்காரர்களிடையே கொஞ்சம் பிரபலம். மதுரைக்கு மேற்கே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஸ்டேஷன். ஊர்ப் பெயர் வேண்டாம். முப்பத்தெட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு, திருவிழா, தேர்தல், மறியல், மந்திரி வருகை எல்லாவற்றையும் பார்த்து, ஒரு மனுகூட நிலுவை இல்லாமல் நான் ரைட்டராக ஓட்டிய கதை. பணி ஓய்வு விழாக்களில் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். நானும் கூச்சமே இல்லாமல் தலையாட்டி ஏற்றுக்கொள்வேன்.

அன்றைக்குப் போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. "ஜெயபால் கூப்பிட்டா நல்ல விசயந்தான? எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?" என்று கேட்டாள் என் மனைவி. அவளுக்குத் தெரிந்ததும் கல்யாணப் பந்தியில் சொன்ன பாதிதான். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் முன்னால் காகிதத்தைப் பார்த்துத்தான் படிக்கப் போகிறேன். வெறும் வாயால் சொன்னால் பழக்கதோஷத்தில் பழைய கதைக்கே போய்விடுவேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரையும் போல ஓடினேன், எல்லாரையும் போலத் திட்டு வாங்கினேன், காலில் கொப்புளம் வந்து ஆறியது. அப்புறம் ஸ்டேஷன் வாசலில் பாரா நின்றேன், சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தேன், கைதியோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். கையெழுத்து அழகாக இருக்கும். ஏட்டு ஆனதும் நாற்காலியில் உட்காரவைத்து ரைட்டர் ஆக்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் யார் எங்கே போக வேண்டும் என்று எழுதுவதும், யார் எங்கே போனார்கள் என்று எழுதுவதும் ரைட்டர் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். உள்ளே இருப்பவனுக்குத்தான் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும்.

காலை ஏழு மணிக்கு ரோல் கால். அதற்கு முன்னாலேயே நான் கணக்கை முடித்துவிடுவேன். சுவரில் ஒரு பலகை இருக்கும். அனுமதிக்கப்பட்ட இடம் முப்பத்தெட்டு என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். அதிலிருந்து கழிக்கத் தொடங்குவேன். பத்து இடம் காலி, ஆளே போடவில்லை. எட்டுப் பேர் வேறு பணி. பெயர் எங்கள் ஸ்டேஷனில், ஆள் வேறெங்கோ. ஒருவன் பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தட்டுவான், ஒருவன் ஓர் அதிகாரிக்குக் கார் ஓட்டுவான், ஒருவன் வாலிபால் ஆடுவான். மிச்சம் இருபது. ரைட்டர் தன்னை எண்ணுவதில்லை என்பது வழக்கம். ஆகப் பத்தொன்பது.

அந்தப் பத்தொன்பதும் கையில் நிற்காது. இரவு ரோந்து முடித்தவர்கள் வீட்டுக்குத் தூங்கப் போவார்கள். கோர்ட்டுக்கு இரண்டு பேர், பெரியாஸ்பத்திரியில் கைதிக்குக் காவல் இரண்டு பேர், தபாலுக்கு ஒருவர். விமானத்தில் யாராவது பெரிய மனிதர் வந்து இறங்கினால் ரிங் ரோட்டில் ஐம்பதடிக்கு ஒருவராக நிற்க நாலைந்து பேர். சித்திரை மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், ஸ்டேஷனைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோகாத குறைதான். ஏழரை மணிக்கெல்லாம் ஸ்டேஷனில் பாராக்காரர் ஒருவரும் நானும் மட்டும் இருப்போம்.

வேறு பணியில் இருக்கும் எட்டுப் பேரும் சும்மா இருப்பதாகக் காட்ட முடியாது. மாதக் கடைசியில் மேலே போகும் அறிக்கையில் ஆளுக்கு ஆள் என்ன வேலை பார்த்தார்கள் என்று இருக்க வேண்டும். அதனால் அவர்கள் பெயரை யாரும் சரிபார்க்காத வேலைகளுக்கு எதிரில் எழுதுவோம். கிராம விசாரணை, பள்ளியில் விழிப்புணர்வு, பகல் ரோந்து. இதை "பேர் ஓட்டுவது" என்போம். எனக்கு முன்னால் இருந்த ரைட்டரும் பேர் ஓட்டினார். நான் அவரைவிட நன்றாக ஓட்டினேன்.

எங்கள் இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். மேஜையில் எப்போதும் வெந்நீர் ஃபிளாஸ்க் இருக்கும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்து, நகத்தால் அந்த மடிப்பை நீவிவிட்டுத்தான் படிப்பார். படித்துவிட்டு, "ரைட்டர், ஃபைல் சரியா இருக்கணும்" என்பார். அவ்வளவுதான். பொய் எழுது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆள் கொடு என்று மேலே கேட்டதும் இல்லை. "கேட்டா, இருக்கிறவன வச்சு ஓட்டத் தெரியாதவன்னு பேர் வரும்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். அப்படி ஒரு பேர் அவருக்கு வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

எங்கள் ஸ்டேஷனுக்குப் பெண் காவலர் இரண்டு பேர். ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். இன்னொருத்தியைச் செல்வராணி என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்குள் ஒரு மூத்த அதிகாரியின் வீட்டில் இருந்தாள். என்ன வேலை என்று எழுத்தில் எங்கும் கிடையாது. காலையில் அங்கே போவாள், சாயங்காலம் தன் வீட்டுக்குத் திரும்புவாள். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட மாதத்தில் ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வருவாள். வரும்போது எல்லாருக்கும் வடை வாங்கி வருவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை முருகேஸ்வரி வந்தார். இதுவும் மாற்றிய பெயர்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும். கப்பலூரில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் சின்ன ஃபேக்டரியில் வேலை. கணவர் திருப்பூரில். மகள் கௌசல்யா மதுரையில் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படித்தாள். பக்கத்துத் தெருவில் லோடு வேன் ஓட்டும் தினேஷ் என்பவன் அந்தப் பெண்ணைத் தினமும் பஸ் ஸ்டாப்பில் வழிமறிக்கிறான், பேசாவிட்டால் பையைப் பிடித்து இழுக்கிறான், மூஞ்சியில் ஆசிட் ஊற்றிவிடுவேன் என்று மிரட்டுகிறான். இதை ஒரு முழு நீளத் தாளில் யாரிடமோ எழுதி வாங்கி வந்திருந்தார்.

நான் படித்துவிட்டு, அவனைக் கூப்பிட்டு விசாரிப்போம் என்றேன். அங்கேயே அவன் நம்பருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்குப் போய்க் கூட்டிவர ஆள் அனுப்ப வேண்டும், ஆள் வந்ததும் அனுப்புகிறேன் என்றேன்.

"அவன விசாரிக்கிறது பெறகு இருக்கட்டும்யா" என்றார் அந்த அம்மா. "காலைல ஏழரைல இருந்து எட்டரை வரைக்கும் ஸ்டாப்புல ஒரு ஆளு நின்னாப் போதும். ஒரு நாலஞ்சு நாளைக்கு. காக்கிச் சட்டையப் பாத்தாலே வரமாட்டான். உசிலம்பட்டில இருந்து வர்ற மதுர பஸ்ஸுல பிள்ள ஏறிப் போயிரும்."

"ஆளு இல்லையேம்மா."

"இம்புட்டுப் பெரிய ஸ்டேஷன்ல ஒரு ஆளு இல்லையா?"

நான் பலகையைக் காட்டினேன். எனக்கு அதில் ஒரு குஷி உண்டு. முப்பத்தெட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீங்களே வந்து நிக்கலாமுல்லய்யா? ஒரு மணி நேரந்தான?" என்றார்.

பாராக்காரர் சிரித்துவிட்டார். தபால் கொண்டுவந்திருந்த பக்கத்து ஸ்டேஷன் ஏட்டும் சிரித்தார். ரைட்டரைப் பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானும் சிரித்தேன். "நான் போயிட்டா ஸ்டேஷன யாரும்மா பாக்குறது?" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் கொடுத்த மனு ரசீதை வாங்கி, சின்னதாக மடித்து, மணிபர்சில் வைத்துக்கொண்டு போனார்.

ரசீது கொடுத்துவிட்டால் அந்த மனுவில் என்ன நடவடிக்கை என்று எழுதியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் மனுவை நீளவாக்கில் மடித்து நீவினார். "பொம்பளப் பிள்ளை சம்பந்தப்பட்டது. ஃபைல் சரியா இருக்கணும் ரைட்டர்" என்றார்.

எந்த ஸ்டேஷனிலும் பொது நாட்குறிப்பு என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஸ்டேஷனில் என்ன நடந்தது, யார் போனார், யார் வந்தார் என்று எழுத வேண்டும். பக்கங்களுக்கு வரிசை எண் அச்சிட்டிருக்கும். கிழிக்க முடியாது, அழிக்க முடியாது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் எங்கள் ஸ்டேஷனில் கையால்தான் எழுதினோம். மறுநாள் புதன்கிழமை அதில் நான் இப்படி எழுதினேன்: "காலை 07.30 மணி. மனு விசாரணை தொடர்பாகப் பெண் காவலர் செல்வராணி பேருந்து நிறுத்தம் சென்றார்."

எழுதிய பிறகு ஒரு யோசனை வந்தது. அந்த அம்மா நாளைக்கு, யாரும் வரவில்லையே என்று கேட்டால்? காக்கி உடுப்பில் ஒருத்தி நின்றால் ஸ்டாப்பில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்குமே? அதனால் பெயருக்கும் பேருந்துக்கும் நடுவில், மேலே ஓர் அடையாளம் போட்டு, ஒரு சொல்லைச் சேர்த்தேன். மஃப்டியில். பெண் காவலர் செல்வராணி மஃப்டியில் பேருந்து நிறுத்தம் சென்றார். உடுப்பு இல்லாமல் சாதாரண உடையில் போனால் யாருக்கு அடையாளம் தெரியும்? எட்டரை மணிக்கு எதிரில், "மேற்படியார் நிலையம் திரும்பி, சந்தேகப்படும்படியான நபர் எவரும் தென்படவில்லை எனத் தெரிவித்தார்" என்று முடித்தேன். அந்த ஒரு சொல்லுக்காக அன்று முழுக்க என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அதே வாசகம். தினேஷ் வீட்டுக்கும் ஆள் அனுப்பவில்லை. ஞாயிறு கல்லூரி கிடையாது. திங்கள்கிழமை ரோல் கால் முடிந்ததும், ஏழு ஐந்துக்கே, ஏழரைக்கான வரியை எழுதி வைத்துவிட்டேன். எப்படியும் எழுதப் போவதுதானே, முன்கூட்டியே எழுதினால் வேலை மிச்சம். ரைட்டர்களுக்கு உள்ள கெட்ட பழக்கம் இது. மேடையில் நான் பெருமையாகச் சொன்ன வேகத்தில் பாதி இப்படி வந்ததுதான்.

எட்டு மணிக்கு ஸ்டாப்புக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரர் போன் பண்ணினார். "ஏட்டய்யா, ஒரு பிள்ள கால்ல பஸ்ஸு ஏறிருச்சுய்யா. அந்த வேன்காரப் பய பைக்குல வந்து பைய இழுத்தான், பிள்ள தடுமாறிப் பின் சக்கரத்துக்கிட்ட விழுந்துருச்சு. அவன் நிக்காமப் போயிட்டான்." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் மேஜையில் திறந்து கிடந்த நாட்குறிப்பில் இருந்தது. 07.30 மணி. மஃப்டியில். மை காய்ந்திருந்தது.

அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்தில்லை. இடது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். முதல் தகவல் அறிக்கையை நான்தான் எழுதினேன். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் முருகேஸ்வரி சொல்லச் சொல்ல எழுதினேன். அழாமல் சொன்னார். நான் அவரை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினேன். எழுதுகிறவனுக்கு அது ஒரு வசதி.

இரண்டு நாளில் டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தார். மனு கொடுத்து ஆறு நாளில் இப்படி நடந்திருக்கிறதே என்று பத்திரிகையில் வந்துவிட்டது. செல்வராணியை அதிகாரி வீட்டிலிருந்து அவசரமாக வரவழைத்தோம். இஸ்திரி போடாத உடுப்பில் வந்து இறங்கினாள். அன்று வடை வாங்கி வரவில்லை. அறைக்குள் போவதற்கு முன்னால் அவளை ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடித்து வைத்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

"எந்த ஸ்டாப்புண்ணே அது?" என்று கேட்டாள்.

"மேற்க போற ரோட்டுல, நிழற்குடை ஒண்ணு இருக்கும். எதுத்தாப்புல டீக்கடை."

"நான் அந்தப் பக்கம் போனதே இல்லையேண்ணே."

"போனதா எழுதியிருக்கு."

"அந்த நேரம் நான் அவுக மகளுக்குச் சடை பின்னிக்கிட்டிருந்தேண்ணே. ரெட்டைச் சடை. எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் வந்துரும்" என்றாள்.

"அதச் சொன்னா அம்புட்டுப் பேரும் மாட்டுவோம்மா. அந்த அதிகாரியும் உன்னைய விடமாட்டாரு. டீ குடிக்கப் போயிருந்தேன்னு சொல்லிரு. சின்னதாப் போயிரும்."

"யாருக்குண்ணே சின்னதாப் போகும்?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

டி.எஸ்.பி. முன்னால் முருகேஸ்வரி, "யாருமே நிக்கலய்யா. நாலு நாளும் ஒரு போலீசும் வரல" என்றார். டி.எஸ்.பி. என்னைப் பார்த்தார். "உடுப்பு இல்லாம போனதுனால அந்தம்மா கவனிச்சிருக்க மாட்டாங்க சார்" என்றேன். குரல் நடுங்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் வெந்நீரை ஊற்றிக் குடித்தார். செல்வராணி, தான் ஸ்டாப்பில் நின்றதாகவும், ஐந்து நிமிடம் டீ குடிக்கப் போன நேரத்தில் நடந்துவிட்டதாகவும் சொன்னாள். சொல்லும்போது முருகேஸ்வரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

செல்வராணிக்கு மெமோ வந்தது, அப்புறம் தண்டனை. ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் ஏட்டு ஆன பிறகும் அவள் கான்ஸ்டபிளாகவே பல வருடம் இருந்தாள். அந்த அதிகாரி வீட்டுக்கு அடுத்த வாரமே வேறு ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் காவலர் போனாள். எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபைல் சரியாக இருந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட, காலப்போக்கில் எதையாவது சொல்லி மனதைத் தேற்றியிருப்பேன். இரண்டு வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. தினேஷின் வக்கீல் சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். எங்கள் நாட்குறிப்பைக் கோர்ட்டுக்கு வரவழைத்துவிட்டார். கூண்டில் ஏறியிருந்த என்னிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, "இது உங்க கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஆக, சம்பவத்துக்கு முன்னால நாலு நாள் தொடர்ச்சியா ஒரு பெண் காவலர் சாதாரண உடையில அங்க கண்காணிச்சிருக்காங்க. நாலு நாளும் யாரும் அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யல. சரியா?"

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அது பொய், நான்தான் எழுதினேன், யாரும் போகவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. பொய் ஆவணம் எழுதியவன் என்று வேலையை விட்டுத் துரத்துவார்கள், கேஸ் போடுவார்கள், ஊரில் தலைகாட்ட முடியாது. பயந்துவிட்டேன்.

"சரிதான்" என்றேன்.

தாய் மிகைப்படுத்துகிறார், போலீஸே நாலு நாள் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது, ஐந்தாம் நாள் நடந்தது தற்செயலான விபத்து என்று வக்கீல் வாதாடினார். டீக்கடைக்காரரும் பயந்துபோய், பையைப் பிடித்து இழுத்ததைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மாற்றிச் சொன்னார். நானே பொய் சொன்ன பிறகு அவரை என்ன சொல்ல? சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத் தினேஷை விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு அன்று ஒரு வேலையாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் முருகேஸ்வரி என்னிடம் வந்தார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்து ஒதுங்கினேன். அவர் அருகில் வந்து, மெதுவாக, "மஃப்டின்னா என்னங்கய்யா?" என்று கேட்டார்.

"உடுப்புப் போடாம, சாதாரணச் சேலையில போறதும்மா" என்றேன்.

"அந்த ஸ்டாப்புல ஏழரைக்குப் பூராம் காலேஜுப் பிள்ளைகதான்யா நிக்கும். சுடிதார் போட்ட பிள்ளைக. சேலை கட்டிக்கிட்டு நின்னது நான் ஒருத்திதான்" என்றார். "நாலு நாளும் நாந்தான்யா பிள்ளைக்குக் காவல் நின்னேன். நான் நின்னதுனால அவன் எட்டத்துலயே நின்னான். நாலு நாளு லேட்டாப் போனதுக்கு, அஞ்சாம் நாளும் லேட்டுன்னா வேலைக்கு வராதன்னு கம்பெனில சொல்லிட்டாங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் கம்பெனி வேனுல போனேன்."

மகளின் கையைப் பிடித்துப் படியில் மெதுவாக இறக்கிக் கூட்டிப்போனார். அந்தப் பெண் ஒவ்வொரு படிக்கும் நின்று, காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். நான் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

இவ்வளவுக்கும் பிறகு நான் பணி ஓய்வு விழாவில் மாலை போட்டுக்கொண்டேன். அன்றுதான் பத்தொன்பது பேர் கதையை முதன்முதலாக மேடையில் சொன்னேன். ஒரு மனுகூட நிலுவை இல்லை என்றேன். முருகேஸ்வரியின் மனுவும் அதில் சேர்த்தி. "நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று சிவப்பு மையில் எழுதி நானே மூடியதுதான். போன வருடம் பரவை மார்க்கெட்டில் தாயும் மகளும் தக்காளி வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். லாரிக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டேன். இந்த வயதில், கையில் காய்கறிப் பையோடு, ஒளிந்துகொண்டு நின்றேன்.

இதை எழுதத் தொடங்கியதும் செல்வராணியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது ஏட்டு. புதுப் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், உன் பெயரையும் சொல்லி அந்தக் கறையைத் துடைக்கலாமா என்று கேட்டேன்.

"விசயத்தச் சொல்லுங்கண்ணே. பேரைச் சொல்லாதீக" என்றாள். "எம்பேர நீங்க எழுதுன வரைக்கும் போதும்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

பிள்ளைகளே, நீங்கள் சொல்வது உண்மைதான். ஆள் பத்தாது. எங்கள் காலத்திலும் பத்தவில்லை, இப்போதும் பத்தவில்லை. பலகையில் உள்ள எண்ணிக்கைக்கு ஆள் கேளுங்கள், வேறு பணியில் போனவர்களைத் திரும்பக் கேளுங்கள், சமாளிக்கத் தெரியாதவன் என்று பேர் வந்தாலும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஆள் இல்லாத இடத்தையெல்லாம் மையால் நிரப்பிக் கொடுத்தேன். அதனால் எங்கள் ஸ்டேஷனுக்கு ஆள் தேவை என்று மேலே யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. அதைத்தான் இத்தனை வருடம் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்று. அந்த அம்மா ஒரு ஆள் கேட்டபோது நான் கழித்துக் காட்டிய கணக்கில் இருபதாவது ஆளை விட்டுவிட்டேன். அந்த ஐந்து நாளும் காலை ஏழரை மணிக்கு அவன் ஸ்டேஷனில்தான் இருந்தான். காக்கிச் சட்டையும் போட்டிருந்தான். உட்கார்ந்து, செல்வராணி மஃப்டியில் போனதாக எழுதிக்கொண்டிருந்தான்.

நேற்றுக் காலை ஸ்டேஷன் வாசலிலிருந்து அந்த ஸ்டாப் வரைக்கும் நடந்து பார்த்தேன். மூட்டு வலியோடு, நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, பதினொரு நிமிடம் ஆனது.